தேர்வு வந்தாலும் வயலினை மூடி வைக்க வேண்டாம்

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் ஆண்டில் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது வீணை, வயலின், மிருதங்க வகுப்புகள்தான். கைக்கு வேலை பிறகு, மூளைக்கு வேலை முதலில் என்பது பெற்றோரின் கணக்கு. ஆனால், கையையும் மூளையையும் அப்படிப் பிரிக்க முடியாது என்கிறது மூளையைப் படமெடுக்கும் அறிவியல்.

மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ, அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் உள்ள இரத்தமும் அதை இழந்த இரத்தமும் காந்தப்புலத்தில் ஒரே மாதிரி இருப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கொண்டு மூளையின் செயலைப் பார்க்கலாம் என்று 1990இல் காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா. 'செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.' படம் பிறந்தது அப்படித்தான். கருவிக்குள் படுத்திருப்பவர் வலக்கை விரல்களை அசைத்தால், மூளையின் இடப்பக்கத்தில் ஓரிடம் படத்தில் தெரியும். அதே விரல்களைத் தூரிகையால் வருடினால், அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள இடம் தெரியும். முதுகைவிடக் கைவிரல்களுக்கு மூளை ஒதுக்கியிருக்கும் இடம் மிக அதிகம்.

அந்த இடம் பயிற்சியால் மாறவும் செய்கிறது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் சிலர் விரல்களைக் கட்டைவிரலோடு குறிப்பிட்ட வரிசையில் தட்டிப் பழகினர். நாளுக்கு 10 முதல் 20 நிமிடம் மட்டுமே. சில வாரங்களில், பழகிய வரிசையைத் தட்டும்போது இயங்கும் மூளைப் பகுதி, பழகாத வரிசைக்கு இயங்குவதைவிட விரிந்திருந்தது. அதே ஆண்டு, மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் வேறொரு முறையில், நரம்புக் கருவி வாசிப்போரின் இடக்கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பது தெரிந்தது. இளமையில் தொடங்கியவர்களிடம் அந்த வேறுபாடு கூடுதலாக இருந்தது.

இதைக் காட்டி, 'வயலின் கற்றால் கணிதத்தில் ஏ கிடைக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படம் காட்டுவது இரத்த ஓட்டத்தின் மாற்றத்தை. அறிவின் அளவை அல்ல. கைப்பயிற்சியும் மூளையின் உழைப்புதான் என்பதற்கு மட்டுமே அது சான்று.

ஆகவே, மாணவர்களே, பாடநூலுக்கு உரிய நேரத்தைக் குறைக்க வேண்டாம். கைக்கலையை அடியோடு விடவும் வேண்டாம். கைப்பேசியில் கழியும் நேரத்தில் 15 நிமிடத்தை எடுத்து வீணைக்குக் கொடுங்கள். பல ஆண்டு உழைத்து விரல்கள் சேர்த்ததைத் தேர்வின் பெயரால் கைவிடுவது நட்டமே.