மாசியில் மொட்டையடிக்காதீர்கள்

"மாசி பிறந்தாச்சு, தோட்டத்தை மொட்டையடிங்க!" மாடித்தோட்டக் கூட்டங்களில் வருஷம் தவறாமல் காதில் விழும் உபதேசம் இது. உபயம், பனி கொட்டும் நாடுகளில் எடுத்த காணொளிகள். செடியை ஒட்ட வெட்டு, சருகைக் கொளுத்து, மண்ணைக் கொத்து, புதுக்கன்று நடு என்று நாலு கட்டளை. எதிரில் இருப்பவர்கள் பயபக்தியோடு குறிப்பு வேறு எடுத்துக்கொள்கிறார்கள்.

குளிர்நாட்டு மரங்கள் இலை உதிர்த்து உறங்கும். விழிப்பதற்கு முன் வெட்டுகிறார்கள், சரி. நம்மூரில் மாசியில் எது ஐயா உறங்குகிறது? மாமரம் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. மாம்பூ வருவதே கிளை நுனியில்தான். நுனியை நறுக்கினால் அந்த வருஷத்து வடுமாங்காய் குப்பைக் கூடைக்குள். மாவுக்குக் கவாத்து காய்ப்பு ஓய்ந்த பிறகு, ஆவணி புரட்டாசியில். ரோஜாவுக்கு அக்டோபர். மல்லிகையோ இன்னும் கறார். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டச் சொல்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. ஒரே குடும்பத்துக்குள் மூன்று கெடு. உபதேசிக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே மாசி! நவம்பரில் வெட்டிய குண்டுமல்லி பக்கத்தளிர் விட்டு, அந்தத் தளிர் நுனியில் அரிசி மணி போல் பச்சை மொட்டு கட்டுவது இப்போதுதான். அதையும் சேர்த்து வழித்துவிட்டு, பங்குனியில் பூக்காரம்மாவிடம் முழம் என்ன விலை என்று பேரம் பேச வேண்டியதுதான்.

சாம்பலும் உரம்தானே என்பார்கள். சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மிஞ்சும். தழைச்சத்து புகையோடு போய்விடும், பக்கத்து வீட்டுக்காரர் மூக்கு வழியாக. அதே சருகைத் தொட்டியில் இரண்டு விரற்கடை மூடாக்காகப் பரப்பினால், காலையில் ஊற்றிய தண்ணீர் சட்டென்று காயாது. வெயில் ஏறப்போகிற நேரத்தில் மண்ணை வெறுமையாக்குவதில் என்ன சாமர்த்தியம்?

கொத்துவதா? களைக்கு மேலாகக் கிளறினால் போதும்.

நடுவதில் பாதி சரி. மாசிப்பட்டத்தில் வெண்டை விதைக்கலாம், சண்டையில்லை. மரக்கன்றைக் கோடை வாசலில் நட்டுவிட்டு, கருகியதும் நாற்றுப்பண்ணைக்காரரைத் திட்டாதீர்கள். மழைக்காலம் வரட்டும்.

இந்த மாசியில் யாராவது கத்தரிக்கோலோடு வந்தால், முதலில் மாமரத்துக் கிளை நுனியைக் காட்டுங்கள். காய்ந்த குச்சியை வேண்டுமானால் ஒடித்துக்கொண்டு போகட்டும்.