சோறு வேகலைன்னு சொல்ல சமையல் தெரியணுமா?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு அம்மா. மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. சாயங்காலம் இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும்.

"ஏலே, இன்னைக்கு இங்கிலீஷ் கிளாஸ்ல என்னல நடத்துனாவ?"

"எப்பவும் போலத்தாம்மா. சார் வாசிச்சாவ, அர்த்தம் சொன்னாவ, கேள்வி பதிலுக்குக் கோடு போடச் சொன்னாவ. போட்டோம்."

"பிடிச்சிருந்துச்சா?"

"அதுல பிடிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

தாமிரபரணியின் இரண்டு கரையிலும் எத்தனையோ வீடுகளில் நடக்கிற பேச்சுதான் இது. இதற்கு மேல் போகாது. "நமக்கு ஏபிசிடியே தெரியாது, வாத்தியாரைப் போய் என்னத்தக் கேக்க?" என்று அம்மா அடுத்த இலையை எடுத்துவிடுவாள்.

இங்கேதான் தப்பு நடக்கிறது, மக்களே! சோறு வேகவில்லை என்று சொல்ல சமையல் தெரிய வேண்டுமா என்ன? அதே அம்மா சுற்றிய பீடியைக் கடையில் தினமும் எண்ணிப் பார்க்கிறார்கள். சரியில்லாததைக் கழித்துவிடுகிறார்கள். அவள் வேலையைச் சோதிக்க ஆள் உண்டு. அவள் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடத்தைச் சோதிக்க மட்டும் ஆள் கூடாதா?

இங்கிலீஷ் தெரியாமலே சோதிக்கலாம். கட்டுரை நோட்டைத் திறந்து பார்த்தால் போதும். 'எங்கள் கிராமம்' என்று ஒரு கட்டுரை. கைடில் இருந்து போர்டுக்கு, போர்டில் இருந்து நாற்பது நோட்டுக்கு. நாற்பதும் ஒரே கிராமம்! பாபநாசம் எங்கே, தாமிரபரணி எங்கே என்று பையனிடம் கேட்டால் "அது கைடுல இல்லம்மா" என்பான். தினம் குளிக்கிற ஆற்றைப் பற்றி நாலு வரி சொந்தமாக எழுதத் தெரியாத இங்கிலீஷ் யாருக்கு?

பரீட்சை இருக்கிறதே, போர்ஷன் முடிக்க வேண்டாமா என்பார்கள். எட்டாம் வகுப்புக்கு எந்தப் பொதுத்தேர்வு? 2019-ல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கியது. ஆக அவசரமே இல்லாத வகுப்பில்கூட கைடுதான் ராஜா.

இது இன்று நேற்றுப் புகார் இல்லை. பாரதியார் 1894 முதல் 1897 வரை நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர். அந்தப் படிப்பால் அப்பாவின் காசு போனதுதான் மிச்சம் என்று தன் சுயசரிதைக் கவிதையில் கடுமையாகவே திட்டியிருக்கிறார். இங்கிலீஷே பிடிக்காத ஆளா அவர்? ஷெல்லி மேல் இருந்த பிரியத்தில் 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டவர்! மொழி பிடித்திருந்தது, சொல்லிக்கொடுத்த விதம்தான் பிடிக்கவில்லை. பின்னாளில் அவர் வந்து தங்கிய கடையம், அம்பையிலிருந்து தென்காசி போகிற ரோட்டில்தான் இருக்கிறது.

சரி, யாரிடம் போய்க் கேட்பது? 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதன்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பதே அதன் வேலை. உதவி பெறும் பள்ளியில் ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். கேள்வி கேட்க அதுவே போதும். பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வது ஆசிரியரின் கடமை என்றும், பிள்ளை பயமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் நடப்பில் குழு என்றால் காம்பவுண்டு சுவர், கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி. அதெல்லாம் வேண்டியதுதான். வகுப்புக்குள் நடப்பதைப் பற்றி மட்டும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

"கேட்டா பிள்ளையைக் குறி வச்சிருவாவ" என்ற பயம். நியாயமான பயம்தான். அதனால்தான் தனியாகப் போகக் கூடாது. நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து, நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சார் மோசம் என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். கேட்க வேண்டியது மூன்றே மூன்று. வாரம் ஒரு கட்டுரை, தப்போ சரியோ, பிள்ளையே சொந்தமாக எழுதட்டும். தினம் பத்து நிமிஷம் பிள்ளைகள் பேசட்டும், சார் கேட்கட்டும். நூலக அலமாரிப் பூட்டைத் திறந்து கதைப்புத்தகங்களை வீட்டுக்குக் கொடுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

வாத்தியாருக்கும் ஆயிரம் வேலை, ரெஜிஸ்டர் எழுதவே நேரம் சரியாகிவிடுகிறது என்றால், அதையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லட்டும். தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். பெற்றோர் ஆசிரியருக்கு எதிரி இல்லை, கைடுக்குத்தான் எதிரி.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? பையன் நல்ல மார்க் வாங்குவான். நாலு வருஷம் கழித்துத் திருநெல்வேலியில் ஏதோ ஒரு காலேஜில், இங்கிலீஷில் நடக்கும் வகுப்பில், தெரிந்த பதிலையும் சொல்ல வாய் வராமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொள்வான். அப்போது போய்க் கேட்க எந்தக் குழுவும் இருக்காது.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா போக வேண்டும். நோட்டோடு!