கருவி வந்தது, கற்பிப்பவர்?



2020 மார்ச்சில் பள்ளிக் கதவுகள் அடைபட்டன. கரும்பலகை முன் முழங்கிய ஆசிரியர், கைபேசி முன் கலங்கி நின்றார். குற்றம் அவருடையதா? நீந்தக் கற்பிக்காமல் கடலில் தள்ளிவிட்டு, "ஏன் மூழ்கினாய்?" எனக் கேட்பது எந்த ஊர் நீதி? நடுவணரசின் 'நிஷ்டா' ஆசிரியர் பயிற்சி நாடெங்கும் இணையவழிக்கு வந்ததோ அக்டோபரில்! வெள்ளம் தலைக்குமேல் போன பிறகு கரை எழுப்பினர்!

வழியறியாத நாடா இது? 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி சென்றது. மாணவர்க்கு மட்டுமா பாடம்? ஆசிரியர்க்கும் அறிவியல் பயிற்சி! திரையோடு நின்றனரா? இல்லை. வானொலி, கையேடு, செய்முறைச் சோதனை, கூடிக் கலந்துரையாடல் அத்தனையும் சேர்த்தளித்தனர்.

புதுவைக்கோ தேவை பெரிது. காரைக்கால் காவிரிக் கழிமுகத்தில். மாகே கேரளக் கரையில். ஏனாம் கோதாவரி ஓரத்தில்! பிரெஞ்சு ஆட்சி சிதறவிட்டுச் சென்ற நிலம் இது. தொலைவை வெல்லும் கல்வி நமக்கு ஆடம்பரமன்று, அடிப்படை.

ஆகவே கேட்போம்: பணிநேரத்திலேயே பயிற்சி, ஐயம் தீர்க்கத் துணையாளர், பழுது நீக்க ஆள். கருவியைக் கடையில் வாங்கலாம். கற்பிக்கும் திறனை வாங்க இயலுமா? கிளைதோறும் இக்குரல் ஒலிக்கட்டும்!