தாளத்தில் மிகைபடக் கூறல்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உப்பு மிஞ்சிய பண்டம் எங்கே போகும் என்று பழமொழி சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கும் என்று விட்டுவிட்டது போலும். மலேசியத் தமிழ்ப் பாடல்கள் பலவற்றில் உறுமியும் தப்பும் தவிலும் படும் பாட்டைக் கேட்கும்போது, சொல்லாமல் விட்ட அந்தப் பாதிதான் என் நினைவுக்கு வருகிறது.

2006ஆம் ஆண்டில் யோகி பியும் நட்சத்திராவும் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு, இந்நாட்டுத் தமிழ்ச் சொல்லிசையைத் தமிழகமும் திரும்பிப் பார்க்கச் செய்தது. அதன் பின்னர்க் கணினியில் தாளம் அமைக்கும் இளைஞர் பலர் தோன்றியுள்ளனர். அவர்தம் ஆர்வத்தை நான் பழிக்க வரவில்லை; அவருள் பலரிடம் வேரூன்றிவிட்ட ஒரு பழக்கத்தையே கண்டிக்க வருகிறேன்.

அப்பழக்கம் யாது? முதலில் ‘கிக்’, ‘ஸ்னேர்’, ‘ஹை-ஹேட்’ என்னும் மேலைநாட்டு டிரம்ஸ் ஒலிகளால் ஒரு தாளக்கட்டு அமைக்கின்றனர். பின்பு, “தமிழ் மணம் வேண்டும்” என்று, ஆயத்தமாகக் கிடைக்கும் உறுமி ஒலித்துணுக்கு ஒன்றை அதன்மேல் ஒட்டுகின்றனர். அது போதாதென்று தப்பு. அதுவும் போதாதென்று தவில், கஞ்சிரா, சலங்கை! தமிழ் கூடுகிறது என்று அவர்கள் எண்ணுகின்றனர். கூடுவது இரைச்சல்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றார் நன்னூலார். மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் அவற்றுள் அடங்கும். ‘கிக்’ விழும் அதே இடத்தில் தவிலின் தொப்பியையும் ஒலிக்க வைப்பது கூறியது கூறல் அன்றோ? தாழ்ந்த ஒலிகள் இரண்டு ஒரே நேரத்தில் ஒரே இடத்திற்குப் போட்டியிட்டால் ஒன்றை ஒன்று மறைக்கும்; இரண்டும் தெளிவிழக்கும். ‘ஹை-ஹேட்’ ஓடும் நுண்ணடிகளில் எல்லாம் சலங்கையை நிரப்புவது மிகைபடக் கூறல் அன்றோ? மாணவர் கட்டுரையில் இக்குற்றங்களைக் கண்டால் ஆசிரியரின் சிவப்பு மை சும்மா இருக்குமா? வெண்பாவில் ஓர் அசை மிகினும் தளை தட்டும் என்று கற்பிக்கும் நாம், தாளத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது ஏன்?

உறுமியின் உயிர் எங்கே இருக்கிறது? அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசும்போது எழும் முழக்கத்தில் இருக்கிறது. அவ்வொலி ஒரு புள்ளியில் தோன்றி அங்கேயே மறைவதன்று. இழைந்து, வளைந்து, தேய்ந்து செல்வது. அது நடமாட வெற்றிடம் வேண்டும். கணினித் திரையோ நான்கு அடிகொண்ட சுற்றைப் பெரும்பாலும் 16 கட்டங்களாக வெட்டி வைக்கிறது. சற்று விலகிய அடியை மென்பொருள் இழுத்துவந்து கட்டத்தில் நிறுத்துகிறது. முந்தலும் பிந்தலும் போயின; வலித்தலும் மெலித்தலும் போயின. எஞ்சியது உறுமியின் சடலம்.

குற்றம் இயந்திரத்தின்மேல் இல்லை. 1980இல் வெளிவந்த எல்எம்-1 என்னும் தாளப்பொறியை ஆக்கிய ரோஜர் லின், இடையிடை அடிகளைச் சற்றே பிந்தச் செய்யும் வசதியை அதிலேயே வைத்தார். அளந்து வைத்த சமத்தில் உயிரில்லை என்று பொறியை ஆக்கியவரே உணர்ந்தார். பொறியை வாங்கியவர் உணரவில்லை!

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் தண்ணுமையாசிரியனின் இலக்கணம் கூறுகிறார். ஆடலும் பாடலும் தமிழும் பண்ணும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். யாழும் குழலும் பாடுவோர் குரலும் கேட்கும்படி, அளவு மிகாமல், தன் முழக்கை எழுப்பவும் அடக்கவும் வேண்டும். எழுப்பத் தெரிந்தவர் இன்று பலர். அடக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

“தைப்பூசத்தில் உறுமி மேளம் கூட்டாக முழங்கவில்லையா?” என்பாரும் உளர். முழங்குகிறது. ஆயினும் அங்கே ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்டு முழக்குகின்றனர். ஒட்டப்பட்ட துணுக்கு எவரையும் கேட்பதில்லை. “கலைஞரை அழைக்கப் பொருளுக்கு எங்கே போவது?” என்பார்க்கு என் விடை: ஒரு குழு வேண்டா, பாடலைக் கேட்டு வாசிக்கும் ஒருவர் போதும். அவருக்குரிய ஊதியத்தை அளித்து, அவர் பெயரையும் பாடலுடன் வெளியிடுங்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் தான் அமைத்த பாடலொன்றைக் கொண்டுவந்தான். அதில் ஐந்து தோற்கருவிகள். ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டச் சொன்னேன். தவில் நின்றது, இழப்பில்லை. கஞ்சிரா நின்றது; இழப்பில்லை. தப்பும் பம்பையும் நின்றபோதும் அவ்வாறே. உறுமி நின்றபோதுதான் பாடல் வெறிச்சென்றது. அதை மட்டும் மீண்டும் சேர்த்து, நான்காம் சுற்றின் முடிவில் ‘கிக்’கை நிறுத்தி அதற்கு வழிவிட்டான். முழக்கம் இழைந்து வந்தது. அதுவரை நான் கேட்டிராத ஒன்றும் அப்போது கேட்டது: அவன் எழுதிய தமிழ். அத்தனை நேரமும் அது தோலொலிக்கு அடியில் புதைந்து கிடந்திருக்கிறது!

மாணவ மணிகளே! கருவியைச் சேர்க்குமுன் அதற்கு இடமுண்டா என்று பாருங்கள். சேர்த்தபின் அதை நீக்கிக் கேளுங்கள். நீக்கியும் குறையாதது வேண்டாதது. ஆசிரியப் பெருமக்களே! அசையும் சீரும் கற்பிக்கும் வகுப்பில் ஒரு நாள் உறுமிக் கலைஞரை அழைத்து அமர்த்துங்கள். தமிழ் மணம் தூவிவிட்டுப் போகும் பொடியன்று உறுமி. நம்மோடு கடல் கடந்து வந்த குரல். அது பேசும்போது மற்றவை சற்றே வாய்மூடி இருக்கட்டும்.