கண்ணாடிச் சுவர் என்னும் நம்பிக்கை

இறைச்சிக்கூடங்களுக்குக் கண்ணாடிச் சுவர் இருந்தால் எல்லோரும் சைவமாகிவிடுவார்கள் என்ற வாசகம் இசைக்கலைஞர் பால் மெக்கார்ட்னியின் பெயரால் வழங்குகிறது. 2009இல் அவர் குரலில் பீட்டா அமைப்பு வெளியிட்ட காணொளியின் பெயரே ‘கண்ணாடிச் சுவர்கள்’. அதற்கு முன்பே 1981இல் ‘தி அனிமல்ஸ் ஃபிலிம்’, 2005இல் ‘எர்த்லிங்ஸ்’ என்று படங்கள் வந்துவிட்டன. 2018இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ‘டொமினியன்’ வந்தது. பண்ணைக்குள்ளும் இறைச்சிக்கூடத்துக்குள்ளும் ரகசியக் கேமராவோடு நுழைந்து எடுத்த காட்சிகளைப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினால் அவர்கள் இறைச்சியைக் கைவிடுவார்கள் என்பது விலங்குரிமை இயக்கத்தின் பெரும்பகுதிக்கு இன்று ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. கடைவீதியில் திரையை ஏந்தி நிற்கும் தொண்டரும், நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் காணொளி அனுப்பும் நண்பரும் இதை நம்பித்தான் செய்கிறார்கள். அவர்களுடைய இரக்கம் உண்மையானது. நம்பிக்கைதான் தவறு.

இந்த நம்பிக்கைக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: உண்பவர் உண்கிறார் என்றால் அவருக்குத் தெரியாததால்தான். இந்த அனுமானத்தைச் சோதிக்கத் தமிழ்நாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். கறிக்கடை முன் நிற்பவருக்கும் ஆட்டுக்கும் நடுவே சுவரே கிடையாது. உரித்த ஆடு கொக்கியில் தொங்குகிறது. அடுத்த முறைக்கு உரியது பக்கத்தில் கட்டிக் கிடந்து குழை தின்கிறது. கோழிக்கடையில் வாங்க வந்தவரே கூண்டுக்குள் கைநீட்டி எந்தக் கோழி என்று காட்டுகிறார். கிடா வெட்டும் கோயில் கொடையில் சிறுவர்கள் முன்வரிசைக்கு முண்டியடிக்கிறார்கள். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, இந்த மாநிலத்தில் 15 வயதைக் கடந்தவர்களில் அசைவம் உண்போர் 97.65 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் சைவர்கள் 74.9 விழுக்காடு. ராஜஸ்தான்காரர்கள் தமிழர்களைவிட அதிகமாக ஆடு வெட்டுவதைப் பார்த்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாதி, சமயம், வீட்டு வழக்கம் ஆகியவை அங்கே உணவை முடிவு செய்கின்றன. கண்ணுக்கு அதில் பங்கில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. தெருமுனைக் கறிக்கடை வேறு, தொழிற்பண்ணை வேறு. சிறகை விரிக்க இடமில்லாத கம்பிக் கூண்டில் முட்டைக்கோழி கழிக்கும் வாழ்நாளையோ, பொரித்த அன்றே அழிக்கப்படும் சேவல் குஞ்சுகளையோ முட்டை வாங்குபவர் பார்த்ததில்லை. அப்படியானால் பார்த்த பிறகாவது மாற வேண்டும். அமெரிக்காவில் பார்த்தார்கள். கேமரா பொத்தானளவுக்குச் சுருங்கி, காணொளி ஒவ்வொருவர் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்த காலம் இது. இந்தக் காலத்தில் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்புகளில் தங்களைச் சைவர் என்று சொல்லிக்கொண்ட அமெரிக்கர்கள் 1999இல் 6 விழுக்காடு, 2012இலும் 2018இலும் 5, 2023இல் 4. காணொளிகள் பெருகப் பெருக எண்ணிக்கை இருந்த இடத்திலேயே கிடந்தது, அல்லது இறங்கியது.

கட்டுப்பாட்டோடு நடத்திய ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. ஆனால் அவற்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாயா மாதுரும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் 34 கட்டுரைகளில் இருந்த 100 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். விலங்கு நலத்தை முன்வைக்கும் பிரசாரம் பலன் தருவதாகவே தொகுப்பில் தெரிந்தது. இயக்கத்தார் இந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அளந்தது எதை என்று அடுத்துக் கேட்க வேண்டும். பார்த்த கையோடு ‘இனி குறைத்துக்கொள்வீர்களா?’ என்று கேட்டு வாங்கிய பதிலை அளந்தன. கண் கலங்கி இருப்பவரிடம் அந்தக் கேள்விக்கு வேறென்ன பதில் வரும்? அதே ஆண்டு அதே குழு, விலங்கு நலம், உடல்நலம், சுற்றுச்சூழல் மூன்றையும் பேசும் சுமார் 20 நிமிட ஆவணப்படம் ஒன்றைக் காட்டிச் சோதித்தது. குறைத்துக்கொள்ளும் எண்ணம் கூடியது. 12 நாள் கழித்து என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தபோது, படம் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் வித்தியாசம் தென்படவில்லை.

எண்ணம் ஏன் தட்டுவரை வந்து சேர்வதில்லை? ஆஸ்திரேலிய உளவியலாளர்கள் லாக்னன், ஹாஸ்லம், பாஸ்டியன் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. சிலருக்கு உலர்ந்த மாட்டிறைச்சியையும் சிலருக்கு முந்திரியையும் தின்னக் கொடுத்துவிட்டு விலங்குகளைப் பற்றிக் கேட்டார்கள். இறைச்சி தின்றவர்களுக்கு விலங்குகள் மீதான அக்கறை சுருங்கியிருந்தது. செயலுக்கும் மனசாட்சிக்கும் மோதல் வந்தால், செயலை மாற்றுவதைவிட மனசாட்சியை வளைப்பது எளிது. காணொளி அந்த மோதலைத் தீவிரமாக்குகிறது. கூடவே தப்பிக்கும் வழியையும் அதுவே காட்டுகிறது. பசுவை உதைக்கும் தொழிலாளியைப் பார்த்தவர் அந்த ஆளைத் தண்டிக்கச் சொல்வார், அந்தப் பண்ணையை மூடச் சொல்வார், பிறகு வேறு கடையில் வாங்குவார். காட்சி எவ்வளவு கொடூரமோ அவ்வளவுக்கு அது விதிவிலக்காகத் தோன்றும்.

வயிற்றுக் கவலை தப்பிக்கும் இன்னொரு வழி. 1906இல் அப்டன் சிங்க்ளேர் சிகாகோ இறைச்சித் தொழிலாளர்களின் துயரத்தை நாவலாக எழுதினார். நாடு கொதித்தது, தொழிலாளிக்காக அல்ல, தன் தட்டில் அழுகிய கறி விழுகிறதோ என்ற பயத்தால். அதே ஆண்டு இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகு அதே கதை திரும்பியது. 2008 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சீனோ நகர இறைச்சிக்கூடம் ஒன்றில் ரகசியமாக எடுத்த காட்சி வெளியானது. எழ முடியாமல் விழுந்து கிடக்கும் பசுக்களை ஃபோர்க்லிஃப்ட் கொண்டு தள்ளினார்கள், மின்கோலால் குத்தினார்கள். அடுத்த மாதம் 14.3 கோடி பவுண்டு மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க வரலாற்றிலேயே அதுவரை அவ்வளவு மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டதில்லை. நோயுற்ற மாட்டின் கறி பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவுக்குப் போயிருக்குமோ என்பதுதான் நாட்டின் கவலையாக இருந்தது. நல்ல மாட்டின் கறியை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

கைவிடுபவர்களும் நிலைப்பதில்லை. 2014இல் ஃபானாலிடிக்ஸ் அமைப்பு 11,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வின்படி, சைவத்துக்கோ நனிசைவத்துக்கோ மாறியவர்களில் 84 விழுக்காட்டினர் மீண்டும் இறைச்சிக்குத் திரும்பியிருந்தனர். இதை விலங்குரிமை ஆதரவாளர்களே செய்த ஆய்வு என்பதால் பகையின் வாசனை இதில் இல்லை.

ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானோர் இறைச்சியை நிறுத்தும் ஒரு நிகழ்வு தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கிறது. அதன் பெயர் புரட்டாசி. கோழி விலையும் நாமக்கல் முட்டை விலையும் அப்போது இறங்குவது வாடிக்கை. ஒருவருக்கும் ஒரு காட்சியும் காட்டப்படுவதில்லை. வீட்டில் சமைப்பதில்லை, பக்கத்து வீட்டிலும் சமைப்பதில்லை, அவ்வளவுதான். தனியொருவர் கண்ணீரால் முடியாததை வழக்கம் அலட்டிக்கொள்ளாமல் முடிக்கிறது. மாதம் முடிந்ததும் கடையில் கூட்டம் திரும்பிவிடுகிறது என்பதும் சேர்த்தே சொல்ல வேண்டியது: அந்த விரதத்தில் ஆட்டுக்கான இரக்கம் எதுவும் கிடையாது.

காணொளிக்கு வலுவில்லையென்றால் தொழிற்பண்ணைகள் ஏன் அஞ்சுகின்றன என்ற கேள்விதான் இந்த வாதத்துக்கு வரும் எதிர்ப்புகளில் கனமானது. 2012இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலப் பால்பண்ணை ஒன்றில் ரகசியமாக எடுத்த காட்சி வெளியானது. 2014இல் அந்த மாநிலம் பண்ணைக்குள் ரகசியமாகப் படம் எடுப்பதையே குற்றமாக்கியது. 2015இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அஞ்சியது உண்மை. ஆனால் சாப்பிடுபவரைக் கண்டு அஞ்சவில்லை. மொத்தக் கொள்முதல் செய்யும் பெருநிறுவனம், ஆய்வாளர், நீதிபதி, வாக்காளர் ஆகியோரைக் கண்டே அஞ்சினார்கள். சீனோ காட்சி வெளியான அதே 2008 நவம்பரில், கோழிகளை அசைய முடியாத கூண்டில் அடைப்பதற்கு எதிராகக் கலிஃபோர்னியாவில் 63 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மறுநாள் காலை முட்டை சாப்பிட்டிருப்பார்கள். வாக்குச்சாவடியில் ஒருமுறை கருணை காட்டுவது எளிது. அடுப்படியில் மூன்று வேளையும் காட்டுவது கடினம். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டவர்களின் கையில்தான் காணொளி பலித்திருக்கிறது. சீனோ காட்சியைத் தொடர்ந்து, எழ முடியாத மாடுகளை உணவுக்காக வெட்டுவதற்கு 2009இல் முழுத் தடை வந்தது. பிரான்சில் 2015இல் எல்214 என்ற விலங்குரிமை அமைப்பு வெளியிட்ட அலெஸ் நகர இறைச்சிக்கூடக் காட்சி, அடுத்த ஆண்டே நாடாளுமன்ற விசாரணைக்கு வழிவகுத்தது.

ஆகவே கடைவீதித் திரைக்குச் செலவாகும் உழைப்பும், ‘இன்று இத்தனை பேர் மாறுவதாகச் சொன்னார்கள்’ என்ற கணக்கும் பெரும்பாலும் வீண். அதே காட்சி நாள், இடம், தொடர்ச்சி கெடாமல் ஆய்வாளரின் மேசைக்குப் போனால் சாட்சியமாகிறது. இங்கிலாந்தில் விலங்கு நல அமைப்புகள் பல ஆண்டுகள் ரகசியமாகப் படம் எடுத்து அரசை நெருக்கின. 2018 முதல் அங்கே உயிருள்ள விலங்கு இருக்கும் இறைச்சிக்கூடப் பகுதி எல்லாவற்றிலும் கேமரா கட்டாயம். பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை. அரசு நியமித்த கால்நடை மருத்துவர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும்.