பாட்டனார் பிறந்த ஊர் எது?

குடியுரிமை என்பது தகுதி பார்த்து வழங்கப்பட வேண்டிய ஒன்று என்ற கருத்து நம் படித்த வர்க்கத்தினரிடையே மறுப்பின்றி உலவிவருகிறது. பிரிட்டனில் 2005 முதல் குடியேறிகளுக்குத் தேர்வு நடத்துகிறார்கள். 24 கேள்விகள், 45 நிமிடங்கள், 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. அமெரிக்காவிலும் அரசியல் சாசனம், வரலாறு பற்றிக் கேட்கிறார்கள். வேலைக்காக அங்கே சென்ற நம் பிள்ளைகள் மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்து மதிப்பெண்ணை ஊருக்குச் சொல்கிறார்கள். நாட்டைப் பற்றித் தெரிந்துகொண்டவன் குடிமகனாகட்டும், மற்றவன் வெளியே நிற்கட்டும், இதில் என்ன தவறு என்று நம்மவர்களும் கேட்கிறார்கள்.

நம் அண்டை நாட்டின் தேர்வு ஒன்றை எழுதிப் பார்த்துவிட்டு இதற்குப் பதில் சொல்வோம். இலங்கை இதற்கென வினாத்தாள் எதையும் அச்சிட்டதில்லை. ஆனால் 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பிரிவுகளைக் கேள்விகளாக மாற்றினால் போதும், மாதிரித் தேர்வு தயார்.

முதல் கேள்வி: நீ எங்கே பிறந்தாய்? "இந்த நாட்டில்" என்பது விடையானால் அதற்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. இரண்டாவது: உன் தந்தை எங்கே பிறந்தார்? மூன்றாவது: தந்தை இந்நாட்டில் பிறந்ததாகக் காட்ட முடியாவிட்டால், தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் எங்கே பிறந்தார்கள்? விடைகளுக்கு ஆதாரம் வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கேட்கப்படாது.

இலங்கையின் இடத்தில் கொங்கு நாட்டை வைத்து, வெள்ளகோவிலில் உட்கார்ந்து இதை எழுதிப் பார்த்தேன். என் தந்தையின் சான்றிதழில் கோயமுத்தூர் மாவட்டம் என்றிருக்கிறது. என்னுடையதில் பெரியார் மாவட்டம். என் மகளுடையதில் திருப்பூர் மாவட்டம். மூவரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். 1979-இலும் 2009-இலும் மாவட்டங்கள் பிரிந்ததை அறியாத ஓர் அதிகாரி, இது ஊர் ஊராக இடம்பெயர்ந்த குடும்பம் என்று குறிப்பெழுதலாம். அப்பாருவின் பிறப்புக்கு எந்தக் காகிதமும் இல்லை. வீரக்குமாரசாமி கோயில் தேருக்கு முந்தின வாரம் பிறந்தவர் என்பதே அவரைப் பற்றிய ஆவணம். அவருடைய தந்தையின் பெயரும் என் தந்தையின் பெயரும் ஒன்று, ஏனெனில் பேரனுக்குப் பாட்டன் பெயரிடுவது நம் வழக்கம். எது யாருடைய பத்திரம் என்று வக்கீல்தான் சொல்ல வேண்டும். அப்புச்சி வீட்டில் பத்திரங்கள் ஒழுங்காக இருக்கின்றன, ஆனால் அப்புச்சியை இச்சட்டம் பொருட்படுத்தாது.

நான் தேறவில்லை. இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் தேற மாட்டார்கள். எனினும் எவருக்கும் தூக்கம் கெடாது, ஏனெனில் நம்மை யாரும் இதைக் கேட்கப்போவதில்லை. ஒரு தேர்வின் நோக்கத்தை அறிய, அதை எழுத யாரை உட்காரவைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இலங்கையில் உட்காரவைக்கப்பட்டவர்கள் மலையகத் தமிழர்கள். 1820-களிலிருந்து காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் காடு திருத்தச் சென்றவர்களின் சந்ததியினர். சிங்கள விவசாயியிடமும் கொள்ளுப்பாட்டனின் பிறப்புச் சான்று இருந்திருக்காது; அவரை யாரும் கேட்கவில்லை. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இதையொட்டி எழுந்த வாக்குரிமை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1953-இல் தோற்றது.

அடுத்து ஒரு மறுதேர்வும் வைத்தார்கள். 1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்படி, 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். கங்காணியின் பற்றுச்சீட்டைக்கூடப் படிக்கத் தெரியாத மனிதர்கள் 1951 ஆகஸ்ட் 5-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர். எஞ்சியவர்களை 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் பங்கிட்டார்கள்: மொத்தம் 9,75,000, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மீதியும் பாதிப் பாதியாயிற்று. மாட்டுத் தாவணியில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகையில் மாட்டின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

இதைச் சிங்களப் பேரினவாதத்தின் கணக்கில் மட்டும் எழுதி முடித்துவிடுவது நமக்கு வசதி. 1948-இல் மூலச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி. பொன்னம்பலம், அதே ஆண்டில் அமைச்சரவையில் சேர்ந்து, மறுதேர்வுச் சட்டத்தை ஆதரித்தார். அவரைப் பிரிந்துவந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் 'வடக்கத்தியான்' எனப்பட்டவர்கள், நீலகிரிக்கு வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தபோது 'சிலோன்காரர்' ஆனார்கள். இரண்டு பெயரையும் சூட்டியவர்கள் தமிழர்கள்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இந்த வரலாறு புதிதல்ல. 1947-இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. அவருக்கு வாக்களித்தவர்களின் பெயர்கள் அடுத்த தேர்தலுக்குள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தெளிவத்தை ஜோசப்புக்கு 2013-இல் கோவையில் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டபோது அரங்கம் நெகிழ்ந்தது. நெகிழ்ச்சியில் குறையொன்றுமில்லை. ஆனால் காங்கயத்திலிருந்து ஈரோடு செல்லும் சாலையில் அறச்சலூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு முகாம் இருக்கிறது. பவானிசாகரிலும் இருக்கிறது. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. பெயர் மாற்றம் நல்லதுதான். அங்கே பிறக்கும் குழந்தையிடம் நம் சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம்.

1950 ஜனவரி 26 முதல் இந்தியாவில் பிறந்த எவரும், ஒரு சில விலக்குகள் நீங்கலாக, இந்தியக் குடிமக்கள் என்பதே 1955-ஆம் ஆண்டுச் சட்டம். இலங்கை கேட்க மறுத்த முதல் கேள்விக்கு நாம் முழு மதிப்பெண் கொடுத்திருந்தோம். பின்னர் 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவர் குடிமகனா என்ற கேள்வி வந்தது. 2004 டிசம்பர் 3 முதல் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணை 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இந்தியக் குடிமகள் என ஏற்றது. 1987 ஆகஸ்டில் பிறந்திருந்தால் அவருக்கு அந்த வழி இல்லை. அறச்சலூரில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, திருக்குறள் ஒப்பிக்கும் பிள்ளை எந்த வினாடி வினாவிலும் தேறும். பெற்றோர் யார் என்ற கேள்வியில் தோற்கும். 1948-இன் வினாத்தாளைக் கடல் கடந்து கொண்டுவந்து, சற்றே திருத்தி, நாமும் பயன்படுத்துகிறோம்.

2019-இன் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி இலங்கையை விட்டது. மத அடிப்படையிலான துன்புறுத்தலே அளவுகோல் என்கிறார்கள். 1983 ஜூலையில் வீடு எரிந்தவன் எந்த அடிப்படையில் எரித்தார்கள் என்று நின்று விசாரித்துவிட்டா தோணி ஏறினான்? 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. நீ குற்றவாளியல்ல என்று சொல்லியாயிற்று. நீ யார் என்பதற்கு இன்னும் பதிலில்லை.

இங்கே குடியுரிமை கொடுத்தால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும், தாயக உரிமை நீர்த்துப்போகும் என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. திரும்பிச் செல்ல விரும்புகிறவர் செல்லட்டும், யார் தடுத்தார்கள்? இங்கேயே பிறந்து நாற்பதை நெருங்கும் ஒருவரின் வாழ்க்கையை இன்னொருவரின் அரசியல் கணக்குக்கு ஈடாக வைக்க நமக்கு உரிமையில்லை. 1964-இல் செய்ததும் அதுதான். மேலும் முகாம்களில் மலையக வழியினரும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டனார் திருச்சியிலோ சேலத்திலோ பிறந்தவர். பாட்டனார் அங்கே பிறக்கவில்லை என்று இலங்கை தள்ளியது. அதே பாட்டனார் இங்கே பிறந்ததை இந்தியா கணக்கில் எடுக்க மறுக்கிறது.

இலங்கை தன் பிழையைத் திருத்த 2003 வரை ஆயிற்று. 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அவ்வாண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. கொழும்பைக் கண்டித்துக் கோவையில் கூட்டம் போடுகிற நாம், கொழும்பு செய்ததில் பாதியையாவது டில்லியிடம் கேட்க வேண்டாமா? கேட்க வேண்டியது எளிமையானது: இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்தது ஒன்றே போதும் என்ற 1955-இன் விதியைத் திருப்பிக் கொடுங்கள். தமிழகக் கட்சிகள் இதைத் தேர்தல் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதை அனுமதிக்கலாகாது. மலையக இலக்கியம் வாசித்து நெகிழ்ந்தவர்கள் முதலில் கேட்கட்டும்.