பின்வருவோர்க்குக் கொடுத்தல்

யூபிலி கொண்டாடும் ஒரு கல்லூரி தன் பழைய மாணவரிடம் எதிர்பார்க்க வேண்டியது யாது? கட்டடமும் பரிசுக் கிண்ணங்களும் வேண்டியவையே. ஆயின் அவற்றினும் மேலான கொடை ஒன்று உண்டென்பது எமது கருத்து. அதனை ஒரு விளையாட்டு வீரரின் வாழ்வைக் கொண்டு விளக்க விரும்புகின்றோம்.

றக்பி விளையாட்டு களுதாவளைப் பிள்ளைகளுக்கு அத்துணை பழக்கமானதன்று. ஆயினும் அதன் விதியொன்று அறியத்தக்கது. அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் அவ்விளையாட்டில், பந்தை ஏந்தியவன் முன்னோக்கி ஓடலாம். கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது. பிறருக்குக் கொடுப்பதாயின் பக்கத்தில் அல்லது பின்னே வருபவனுக்கே கொடுத்தல் வேண்டும். அவ்வாறு பல கைகள் மாறிய பந்து, ஈற்றில் ஆடுகளத்தின் ஓரத்தே நிற்கும் விங்கரை அடைகின்றது. காண்போர் அவனது ஓட்டத்தைப் புகழ்வர். பந்தைக் கொணர்ந்த கைகளை மறப்பர்.

அத்தகைய ஓர ஓட்டக்காரராய்ப் புகழ் பெற்றவர், ‘சும்மா’ நவரத்தினம் என அன்புடன் அழைக்கப்பெற்ற தமிழர். 1925இல் பிறந்து, கொழும்பு றோயல் கல்லூரியில் பயின்றவர். 1950இல் பிரித்தானியத் தீவுகளின் அணி, நியூசிலாந்து, அவுஸ்திரேலியப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் கொழும்பில் ஆடியபோது, இலங்கை அணியில் இவரும் இடம்பெற்றார். அன்று இலங்கை 44க்கு 6 என்ற கணக்கில் தோற்றது. ஆயினும் இவரது கால்கள் தோற்கவில்லை. 1953 அளவில் ஆசியாவின் அதிவேக ஓட்டவீரர் என்னும் பெயர் இவரை வந்தடைந்தது. இலங்கை றக்பி அணிக்குத் தலைமை தாங்கும் சிறப்பும் பெற்றார்.

ஓட்டக்காரனுக்குக் கால் தளரும் நாள் வந்தே தீரும். அன்று பதக்கங்களைத் துடைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுதல் எளிது. நவரத்தினம் அவர்களோ பயிற்றுநராகித் தாம் கற்ற கல்லூரியின் மைதானத்திற்கே மீண்டார். நாம் போற்றுவது இதனையே.

வீரரெல்லாம் நல்ல பயிற்றுநராவதில்லை என்பாருளர். உண்மை. தான் அறிதல் வேறு, பிறர்க்கு அறிவித்தல் வேறு என்பதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்றோம். வேகம் இயற்கை தந்தது. அதனைச் சொல்லாக்கிச் சிறுவன் காலில் சேர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். அப்பொறுமையும் பழகப் பழக வருவதே.

எம்மூர் வெற்றிலைத் தோட்டங்களைப் பாருங்கள். புதுக்கொடி விதையிலிருந்து எழுவதில்லை. முதிர்ந்த கொடியின் துண்டை நட்டே அதனை எடுக்கின்றனர். கல்லூரியும் அவ்வாறே தழைக்க வேண்டும்.

ஆதலின் பழைய மாணவரை ஒன்று வேண்டுகின்றோம். உதைபந்தோ, கபடியோ, கணிதமோ, இசையோ, நீவிர் வல்லது எதுவாயினும், கிழமைக்கு ஒரு மாலைப்பொழுதை எம் மாணவர்க்கு ஈயுங்கள். தொலைவில் வாழ்வோர் விடுமுறையில் ஊர் வரும் நாள்களில் ஒன்றைத் தரலாம். கல்லில் பொறித்த பெயரைக் காலம் தேய்க்கும். மாணவனுக்குக் கற்பித்த வித்தையோ, அவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்குச் செல்லும்.